தேவார வகுப்புப் பிள்ளைகளோடு போர்ட் டிக்சன் ராணுவ அருங்காட்சியகம்: அந்த ரயில் எஞ்சின் பக்கத்தில் சொன்ன கதை

 

போன பள்ளி விடுமுறையில நம்ம கோயில் தேவார வகுப்புப் பிள்ளைகளை பஸ் எடுத்து போர்ட் டிக்சனுக்குக் கூட்டிட்டுப் போனோம். படத்தைப் போட்டதும் பல பேர் வாழ்த்தினாங்க, நன்றி. ஆனா பெரியவர் ஒருத்தர் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் என்னைத் தனியா கூப்பிட்டு, "ஏம்பா, தேவாரம் படிக்கிற பிள்ளைங்கள கோயில் குளம்னு கூட்டிட்டுப் போவியா, பீரங்கியும் போர் விமானமும் பாக்கக் கூட்டிட்டுப் போயிருக்கியே, இது நியாயமா?"ன்னு கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை. அங்கேயே நின்னு பதில் சொல்ல எனக்கு வரல. அதான் இங்க கொஞ்சம் நீளமா எழுதுறேன். பொறுமையா படிங்க. கடைசியில உங்க எல்லாரிடமும் ஒரு உதவியும் கேட்கப் போறேன்.

சுங்கை பூலோவிலிருந்து காலையில ஏழு மணிக்குக் கிளம்பினோம். வழியில நாசி லெமாக் பொட்டலம். சிரம்பான் தாண்டியதும் பிள்ளைகள் கடல் எப்ப வரும்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் கடலுக்கு முன்னாடி மியூசியம்னு சொன்னதும் பாதி முகம் வாடிப் போச்சு. உள்ளே போய் வெளி மைதானத்தில் நிக்கிற பெரிய விமானத்தைப் பார்த்த பிறகு யாரும் கடலைப் பத்திப் பேசல.

போகாதவங்களுக்காகச் சொல்றேன். இது தரைப்படையின் அருங்காட்சியகம், போர்ட் டிக்சன் கடற்கரைச் சாலையிலேயே சிருசா பக்கம் இருக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளியே திறந்த வெளியில் கவச வண்டிகள், பீரங்கிகள், விமானம், ரயில் எஞ்சின் எல்லாம் நிக்குது. உள்ளே துப்பாக்கி, சீருடை, அவசரகால வரலாறு. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ள தோண்டின சுரங்கம் மாதிரி ஒண்ணும் கட்டி வச்சிருக்காங்க. அதுக்குள்ள பையன்கள் நாலு தடவை போயிட்டு வந்தாங்க. என்னால ஒரு தடவை குனிஞ்சு போகவே முடியல.

அந்த விமானத்தின் பேர் கேரிபூ. கனடாவில் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்தது. கேரிபூன்னா அந்த ஊர்ல பனியில நடக்கிற ஒரு வகை மான். 1958-ல முதல் தடவை பறந்தது. நம்ம விமானப்படை 1960-களின் நடுவில் இதை வாங்கியது. இது குண்டு போடுற விமானம் இல்லை, மூட்டை தூக்குற விமானம். இதோட பெருமையே குறைஞ்ச தூரத்தில் ஏறி இறங்குறதுதான். ஒழுங்கான விமான நிலையம் வேண்டாம், காட்டுக்கு நடுவில ஒரு நீளமான திடல் மாதிரி இடம் இருந்தா போதும். சபா, சரவாக் உள்பகுதிகளுக்கு அரிசி, மருந்து, ஆள் எல்லாம் இதில்தான் போச்சு. பின்பக்கம் வால் உயர்ந்து நிக்கும், அதுக்குக் கீழே கதவு திறந்து சரிவுப்பலகை மாதிரி இறங்கும். ஜீப்பையே உள்ளே ஓட்டிட்டுப் போகலாம். முப்பது சொச்சம் பேர் சிப்பாய்கள் உட்காரலாம்.

ரெண்டு எஞ்சின், ஒவ்வொண்ணுக்கும் 14 சிலிண்டர், பூ மாதிரி வட்டமா அடுக்கியிருப்பாங்க. ஒரு எஞ்சின் 1,450 குதிரை சக்தி. முப்பது வருஷத்துக்கு மேல ஃபேக்டரியில மெஷின் சத்தத்தோடவே வாழ்ந்தவன் நான். அந்த 14 சிலிண்டரையும் ஒழுங்கா ஓட வைக்கிறதுக்கு எத்தனை பேர் கையில கிரீஸ் பட்டிருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன். விமானத்தை ஓட்டினவருக்குத்தான் பேர் கிடைக்கும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் ஸ்பார்க் பிளக் மாத்தினவனுக்குக் கிடைக்காது.

முன்னே சுங்கை பெசியில் விமானப்படைக்குன்னே ஒரு அருங்காட்சியகம் இருந்தது, சிலருக்கு ஞாபகம் இருக்கும். என் பிள்ளைகள் சின்ன வயசா இருந்தப்ப அங்கே கூட்டிட்டுப் போயிருக்கேன். சுபாங் திறக்கிறதுக்கு முன்னாடி, அதாவது 1965 வரைக்கும், கோலாலம்பூருக்கு வந்த விமானங்கள் இறங்கினது அந்த சுங்கை பெசி திடலில்தான். அங்கே டக்கோட்டா விமானம் ஒண்ணு நின்னது. நம்ம பாட்டிமார்கள் "தாள் போடுற ஏரோப்ளேன்"னு சொல்வாங்களே, அந்த வேலையைச் செய்த விமானங்களில் இதுவும் ஒண்ணு. 1948-லிருந்து 1960 வரைக்கும் அவசரகாலத்தில் காட்டின் மேல பறந்து, சரணடையச் சொல்லி தாள் கொட்டுவாங்க. சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் அச்சடிச்சிருக்கும். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மழைக்காலத்தில் அடுப்புப் பத்த வைக்க நல்ல தாளுன்னு பொறுக்கி வச்சுக்குவாங்களாம். இப்ப அந்தத் திடலும் இல்லை, அந்த மியூசியமும் அங்கே இல்லை. அதனாலதான் போர்ட் டிக்சனில் நிக்கிற இந்த ஒரு கேரிபூவையாவது பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்னு நினைச்சேன்.

இதெல்லாம் விமானக் கதை. நான் சொல்ல வந்தது அந்த ரயில் எஞ்சின் பக்கம் நடந்தது.

பிள்ளைகள் எஞ்சின் மேல ஏறி இறங்கி படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. என் சட்டைப் பையில எப்பவும் ஒரு அளவு டேப் இருக்கும், ஃபேக்டரிப் பழக்கம். சும்மா நிக்கிறதுக்கு ரெண்டு பையன்களைக் கூப்பிட்டு, "தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல எவ்வளவு இருக்கு, அளங்கடா"ன்னேன். குனிஞ்சு அளந்தாங்க. ஒரு மீட்டர். சரியா ஒரு மீட்டர். "ஏன் அங்கிள் ஒரு மீட்டர்?"னு ஒருத்தன் கேட்டான். ஐந்தாம் வகுப்புப் பையன், கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுவான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் அன்னிக்கு அரை மணி நேரம் அந்த எஞ்சின் நிழல்லயே உட்கார வேண்டியதாப் போச்சு.

நம்ம நாட்டில் முதல் ரயில் 1885-ல தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. மறு வருஷம், 1886-ல, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம். எல்லாம் ஒரு மீட்டர் அகலப் பாதை. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு போகணும், அதுக்குத்தான். தைப்பிங் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயோனியர் படை வந்தது. அப்புறம் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் நம்ம ஆட்கள். மண் வெட்டினது, சல்லி உடைச்சது, கட்டை சுமந்தது, பிறகு அந்தப் பாதையைப் பழுது பார்த்துக்கிட்டே கடைசி வரைக்கும் கேங்கில் இருந்தது எல்லாம் பெரும்பாலும் தமிழ் சனம். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைக்கு யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் வந்தாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் ரெண்டும் இப்படி வளர்ந்த ஊர்தான். ரயில் குவார்ட்டர்ஸ் எங்கே இருந்ததோ அங்கே ஒரு கோயில் இருக்கும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1918-ல பாடாங் பெசார் வழியா நம்ம பாதை சயாம் நாட்டுப் பாதையோட சேர்ந்தது. அவங்களுதும் ஒரு மீட்டர். பர்மாவிலும் ஒரு மீட்டர். இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். மலாயாவைக் காத்து நின்ற படையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்கள். அவங்ககிட்ட ஒரு டாங்க் கூடக் கிடையாது. விமானம் இருந்தது, ஜப்பான்காரனுடைய ஸீரோவுக்கு முன்னால அந்த பஃபலோ விமானங்கள் நிக்கவே முடியல. 1942 ஜனவரி 7-ஆம் தேதி ஸ்லிம் ரிவரில் ஜப்பான் டாங்குகள் ரோட்டோடவே உள்ளே புகுந்து படையை உடைச்சிட்டது. நாலே நாளில், 11-ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15 சிங்கப்பூர். மியூசியத்தில் இதுக்கெல்லாம் வரைபடம், அம்புக்குறி எல்லாம் உண்டு. பையன்களுக்கு அந்த ஸீரோவைப் பத்தி என்னைவிட அதிகமாத் தெரிஞ்சிருக்கு, எல்லாம் கேம் விளையாடி.

அதுக்கப்புறம் தோட்டத்தில் என்ன நடந்தது? ரப்பர் வாங்கின அமெரிக்காவும் ஐரோப்பாவும் இப்ப எதிரி நாடு. பால் வெட்டி யாருக்கு விக்கிறது? வேலை நின்னு போச்சு. பர்மாவிலிருந்து அரிசி வர்றது நின்னு போச்சு. மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. உடுத்தத் துணி இல்லாம சாக்குக் கட்டின காலம்னு எங்க பாட்டி சொல்வாங்க. அந்த நேரத்தில் ஜப்பான் ராணுவத்துக்கு ஒரு ரயில் பாதை தேவைப்பட்டது. பர்மாவில் இருக்கிற படைக்குக் கப்பலில் சாமான் அனுப்பினா நீர்மூழ்கிக் கப்பல் அடிச்சிடுது. அதனால சயாமில் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவில் தான்பியூசயாட் வரைக்கும், மலையும் காடும் குடைஞ்சு 415 கிலோமீட்டர். 1942 நடுவில் ஆரம்பிச்சு 1943 அக்டோபர் 17-ஆம் தேதி ரெண்டு பக்கமும் சேர்த்துட்டான். ஒன்றரை வருஷம் கூட ஆகல.

தண்டவாளம் எங்கிருந்து வந்ததுன்னு அந்தப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு பகுதி நம்ம நாட்டிலிருந்துதான் போனது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு பாதை இருந்தது. அதைப் பிடுங்கிட்டுப் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் மலாக்கா டவுனுக்கு ரயில் இல்லை, தம்பின் பக்கம் இறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ எடுக்கிறோமே, அதுக்கு இதுதான் காரணம். 1931-ல்தான் முடிச்சிருந்த கிழக்குக் கரைப் பாதையிலும் மெந்தகாப்புக்கு வடக்கே பெரும் பகுதியைக் கழட்டிட்டான். அது திரும்ப ஓட 1954 வரைக்கும் ஆச்சு. வண்டிப் பெட்டிகளும் எஞ்சின்களும் கூடப் போச்சு. ஒரே அகலம், ஒரு மீட்டர். கழட்டி எடுத்து அங்கே போட்டா அப்படியே பொருந்தும்.

ஜப்பானில் பாதை அகலம் 1,067 மில்லிமீட்டர். அதனால அவன் நாட்டு எஞ்சினை அப்படியே கொண்டு வர முடியாது. சி-56னு ஒரு சின்ன நீராவி எஞ்சின், மொத்தம் 160 செஞ்சிருந்தான். அதில் 90 எஞ்சினை எடுத்து, 67 மில்லிமீட்டர் குறைச்சு, சக்கரத்தை நம்ம ஒரு மீட்டர் பாதைக்கு மாத்தி கப்பலில் ஏத்தி அனுப்பினான். வேலை தெரிஞ்சவன் கண்ணோட பார்த்தா, போர் நேரத்தில் இது சாதாரண வேலை இல்லை. அதைப் பாராட்டுற நிலைமையில் நான் இல்லை, அவ்வளவுதான்.

தண்டவாளம் போச்சு, எஞ்சின் வந்தது. ஆள்?

நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல, அவங்களில் 12,000 பேருக்கு மேல செத்தாங்க. இது உலகத்துக்கே தெரியும். இங்கிலீஷ் படம் வந்தது, 1957-ல, ஏழு ஆஸ்கார் வாங்கியது. அதை இலங்கையில் கிதுல்கலையில்தான் எடுத்தாங்க. கைதிகளோட எண்ணிக்கையைப் போல ரெண்டு மூணு மடங்கு ஆசியத் தொழிலாளிகள் அந்தப் பாதையில் இருந்தாங்க. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், நம்ம தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர், அதில் பெரும்பாலானவங்க தோட்டத் தமிழர். போர் முடிஞ்சு பிரிட்டிஷ்காரன் போட்ட கணக்கில் மலாயாத் தொழிலாளிகள் ஏறக்குறைய 30,000 பேர் இறந்ததா இருக்கு. ஓடிப் போனதா எழுதினவங்க ஒரு பெரிய எண்ணிக்கை தனியா இருக்கு. அந்தக் காட்டில் ஓடினவன் எங்கே போய்ச் சேர்ந்திருப்பான்? அதனால அந்த 30,000 குறைவான கணக்குன்னுதான் பலரும் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் படுது.

முதலில் ஆசை காட்டினாங்க. மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம். பசியில கிடந்தவன் போனான். போனவன் திரும்பலன்னு தெரிஞ்சதும் யாரும் போகல. அப்புறம் தோட்டத்துக்கு இத்தனை பேர்னு கணக்குப் போட்டுப் பிடிச்சாங்க. இலவசமா படம் காட்டுறோம்னு கூப்பிட்டு, கதவைச் சாத்தி லோரியில் ஏத்தினாங்கன்னு அந்தத் தலைமுறை சொல்லிக் கேட்டிருப்பீங்க. சாமான் ஏத்துற இரும்புப் பெட்டி ரயிலில், வெயிலில் கொதிக்கிற பெட்டியில், பல நாள் பயணம். கிள்ளான், கோலாலம்பூர் பக்கத்திலிருந்து வடக்கே போற பாதை ஒண்ணுதான். கெப்போங், சுங்கை பூலோ, குவாங், ரவாங், அப்படியே மேலே பாடாங் பெசார். நாம இன்னைக்குக் கொம்யூட்டர் பிடிக்கிறோமே, நம்ம ஸ்டேஷன், அதே பாதை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் கொஞ்சம் அமைதியாயிட்டாங்க. தெரிஞ்ச ஊர் பேர் வந்தா மனசு வேற மாதிரி கேக்கும்.

அங்கே போனதும் 1943 மழைக்காலம். காலரா. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அவங்க ராணுவ டாக்டர்களே கூட இருந்தாங்க. மருந்து இல்லாட்டியும் தண்ணியைக் காய்ச்சிக் குடின்னு சொல்ல, குழி தோண்டி மலத்தை மூடுன்னு சொல்ல ஒரு ஆள், ஒரு கட்டுப்பாடு இருந்தது. நம்ம சனத்துக்கு அதுவும் இல்லை. பொண்டாட்டி பிள்ளையோட போனவங்களும் உண்டு. ஆத்துத் தண்ணியைக் குடிச்சு கொத்துக் கொத்தா விழுந்தாங்க. எரிச்சாங்களா, புதைச்சாங்களா, அப்படியே விட்டாங்களா, ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு கதை.

காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கு. ஏறக்குறைய 7,000 பேர், ஆளுக்கு ஒரு கல். புல்லை வெட்டி, பூச்செடி வச்சு இன்னைக்கும் பார்த்துக்கிறாங்க. அப்படித்தான் இருக்கணும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நம்ம ஆட்களுக்கு அப்படி ஒரு கல் வரிசை எங்கேயும் கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னதான், காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில், தாய்லாந்துத் தமிழர்களும் இங்கிருந்து போனவங்களும் சேர்ந்து ஒரு நடுகல் வச்சாங்க. அதுவரைக்கும் எழுபது வருஷத்துக்கு மேல ஒண்ணுமில்லாமதான் கிடந்தது.

எஞ்சினுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்கன்னா, அது பத்திரமா இருக்கு. அந்தப் பாதையைத் திறந்து வச்ச விழாவில் ஓடின எஞ்சின் சி-56, நம்பர் 31. போருக்குப் பிறகு தாய்லாந்து ரயிலில் பல வருஷம் ஓடிட்டு, 1979-ல ஜப்பானுக்கே திரும்பப் போயிடுச்சு. அங்கே தோக்கியோவில் யாசுகுனி கோயிலை ஒட்டி ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கு. அதோட முன் மண்டபத்தில் நிக்குது. பக்கத்திலேயே ஒரு ஸீரோ விமானம். ரெண்டும் துடைச்சுப் பளபளன்னு இருக்கு, படத்தில் பார்த்தேன். ஒரு இரும்பு எஞ்சினுக்கு நம்பர் தெரியும், பிறந்த இடம் தெரியும், போன இடம் தெரியும், திரும்பி வந்த வருஷம் தெரியும்.

"அப்ப நம்ம தாத்தாங்களோட பேர் எங்க இருக்கு அங்கிள்?"னு கேட்டது ஒரு பெண் பிள்ளை. எனக்குப் பதில் வரல. நான் பேச்சை மாத்தி விமானத்துக்குப் போனேன். அதையும் சொல்லிடுறேன்.

1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் கோலாலம்பூரில் குண்டு போட்டது. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய குண்டு விமானம் சண்டையில் கிடையாது. வங்காளத்தில் கரக்பூர் பக்கத்திலிருந்து கிளம்பி, கடல் தாண்டி வந்து போட்டுட்டுத் திரும்பிப் போகும். குறி வச்சது செந்தூல் ரயில் பட்டறையும் ரயில் யார்டும். அதாவது நம்ம ஆட்கள் வேலை செய்த இடம், குடியிருந்த இடம். மார்ச் 10-ஆம் தேதி ஒரு குண்டு தவறி, பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டி இருந்த சிலாங்கூர் மியூசியத்தின் மேல விழுந்து ஒரு பக்கமே போச்சு. அந்த இடத்தில் பிறகு கட்டினதுதான் 1963 ஆகஸ்ட் 31-ல் திறந்த நம்ம மூசியம் நெகாரா. போர் விமானங்களை மியூசியத்தில் வச்சுப் பார்க்கிறோம், ஒரு காலத்தில் போர் விமானமே மியூசியத்தை அழிச்சிருக்கு. சயாமிலும் அதே கதைதான். பாலங்களை உடைக்க வந்த குண்டு, பாலத்தைக் கட்டினவன் கொட்டகையிலும் விழுந்தது. மேலே பறக்கிறவன் நம்மை விடுவிக்க வர்றவன், கீழே சாகிறதும் நாமதான். பாட்டி இதை ஒரு வரியில் சொல்வாங்க, "ரெண்டு பக்கமும் நமக்கு அடி"ன்னு.

இப்ப என் பாட்டி கதை. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டம். பாட்டிக்கு ஒரு தம்பி, பத்தொன்பது வயசு. தப்பு அடிப்பாராம், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு முன்னால அவர்தான் நிப்பாராம். 1943-ல சயாமுக்குப் போனவர். மூணு மாசம்னு போனார். போர் முடிஞ்சு திரும்பி வந்த ரெண்டு பேர் மட்டும் அவரை ஒரு முகாமில் பார்த்ததா சொன்னாங்களாம். எந்த முகாம், எந்த மாசம், ஒண்ணும் தெரியாது. பாட்டி சாகிற வரைக்கும் அவர் செத்துட்டார்னு ஒத்துக்கல. வருஷா வருஷம் திருவிழாவில் தப்புச் சத்தம் கேட்டா எழுந்து வெளியே போய் நிப்பாங்க. திதி கொடுக்கல. கொடுத்தா செத்துட்டான்னு ஆயிடும் இல்லையா?

அந்த எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தப்பதான் எனக்கே ஒண்ணு உறைச்சது. பாட்டி அவரை "என் தம்பி"ன்னு மட்டும்தான் சொல்வாங்க. அவர் பேர் என்னன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் என் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். அவங்களுக்கு 81 வயசு. "மாமான்னு சொல்வாங்க, பேரு... இருப்பா"ன்னு யோசிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே கூப்பிட்டு, "ஞாபகம் வரலப்பா"ன்னு சொல்லிட்டாங்க. ஆக, எனக்கு சி-56 எஞ்சினோட நம்பர் தெரியும். என் பாட்டி கூடப் பிறந்தவர் பேர் தெரியாது.

நம்ம குருக்களிடம் கேட்டேன். இறந்த நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம், அதுவும் ஆடி அமாவாசையும் புரட்டாசி மகாளய அமாவாசையும் விசேஷம்னு சொன்னார். பேர் தெரியாட்டி? உறவு முறையைச் சொல்லிச் செய்யலாம், தடை இல்லைன்னார். என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரிடம் நேத்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பிறகு, "எங்க அப்பாவோட அண்ணன் ரெண்டு பேரு போனாங்க தம்பி, ஒருத்தர்தான் வந்தாரு"ன்னார். இத்தனை வருஷமா ஒரே கோயிலில் ஒண்ணா அன்னதானம் பரிமாறுறோம், எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் அந்த ஊரைப் பத்தி வாயே திறக்கலையாம். ராத்திரியில் மட்டும் எழுந்து உட்கார்ந்துக்குவாராம்.

செயலவையில் பேசி முடிவு பண்ணியிருக்கோம். வர்ற ஆடி அமாவாசை அன்னிக்குக் காலையில், சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத நம்ம குடும்பத்து ஆட்களுக்காக ஒரு சங்கல்பம், மோட்ச தீபம். கட்டணம் எதுவும் கிடையாது. எள், அரிசி, பழம் கோயிலே பார்த்துக்கும், முடிஞ்சவங்க நல்லெண்ணெய் கொண்டு வாங்க. தேவார வகுப்புப் பிள்ளைகள்தான் அன்னிக்குப் பாடப் போறாங்க. பேர்களை வாசிக்கப் போறதும் அவங்கதான்.

அதுக்குத்தான் உங்க உதவி. அர்ச்சனைச் சீட்டு வாங்குற மேசையில் ஒரு நீல அட்டை நோட்டுப் புத்தகம் வச்சிருக்கேன். உங்க வீட்டில் வயசானவங்க இருந்தா இந்த வாரமே கேளுங்க, அடுத்த வாரம்னு தள்ளாதீங்க. யார் போனாங்க, எந்தத் தோட்டத்திலிருந்து போனாங்க, கூட யார் போனாங்க, திரும்பி வந்தவங்க என்ன சொன்னாங்க, தெரிஞ்சது எவ்வளவோ அவ்வளவு எழுதுங்க. பேர் மட்டும் தெரிஞ்சா பேர் மட்டும். பேர் தெரியலன்னா உறவு முறை எழுதுங்க. எழுத முடியாதவங்க என்கிட்ட சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன், வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில்தான் இருப்பேன். இதுவரைக்கும் ஒன்பது வரி வந்திருக்கு. முதல் வரி நான் எழுதினது, "பாட்டியின் தம்பி, வயது 19, பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம், தப்பு அடிப்பார்"னு இருக்கும். பேர் எழுதுற இடத்தைக் காலியா விட்டிருக்கேன், பெரியம்மாவுக்கு ஞாபகம் வந்தா நிரப்பலாம்.

அடுத்த விடுமுறையில் மூசியம் நெகாரா போகலாம்னு பிள்ளைகள் கேக்கிறாங்க, அங்கேயும் பழைய ரயில் எஞ்சின் இருக்கு. பஸ் தேவையில்லை, சுங்கை பூலோவிலிருந்து எம்ஆர்டியிலேயே போய் இறங்கலாம். வர விரும்புற பெற்றோர்கள் பேர் கொடுங்க. அளவு டேப் நான் கொண்டு வர்றேன்.